எச்.ஐ.வி.யும் குடல் வேலியும்

நோய்க் கிருமிகளை எதிர்க்கும் ஆற்றலை உடல் இழந்துவிடும் நிலையே எய்ட்ஸ் என்பதை நீங்கள் பாடநூலில் படித்திருப்பீர்கள். எதிர்க்கும் ஆற்றல் குன்றுவதுதான் நோய் என்றால், எச்.ஐ.வி. தொற்றியவரின் தற்காப்புச் செல்கள் சோர்ந்து, செயலற்றுக் கிடக்க வேண்டும் அல்லவா? ஆனால், அவர்களுடைய குருதியைச் சோதித்த ஆய்வாளர்கள் கண்டது இதற்கு நேர்மாறானது. எஞ்சியிருந்த வெள்ளணுக்கள் ஓய்வின்றி இயங்கிக்கொண்டிருந்தன. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் அவை போர்க்கோலத்திலேயே இருந்தன.

இவ்வளவு நீண்ட போர் யாரை எதிர்த்து? எச்.ஐ.வி.யை மட்டுமா? இக்கேள்விக்கு விடை தேடிப் புறப்பட்டவர்கள், யாரும் எதிர்பாராத ஓர் இடத்திற்கு வந்து சேர்ந்தார்கள். அந்த இடம் நமது குடல். அந்தத் தேடலின் கதையை இங்கே பார்ப்போம்.

வைரஸும் அதன் இலக்கும்

1981ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள், அமெரிக்க அரசின் நோய்க்கட்டுப்பாட்டு மையம் ஒரு சிறு அறிக்கையை வெளியிட்டது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் இளைஞர் ஐவருக்கு மிக அரிய வகை நுரையீரல் அழற்சி கண்டிருப்பதாக அது கூறியது. எய்ட்ஸ் பற்றிய முதல் மருத்துவக் குறிப்பு அதுவே. 1983இல் பாரிஸ் நகரின் பாஸ்டர் ஆய்வு நிலையத்தில் ஃபிரான்சுவாஸ் பாரே-சினூசி, லூக் மொன்தாஞியே ஆகியோர் இந்நோய்க்குக் காரணமான வைரஸைப் பிரித்தெடுத்தனர். இதற்காக 2008இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

1986இல் சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி செல்லப்பன் நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் குருதி மாதிரிகளைத் திரட்டினார். அவை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டபோது, இந்தியாவிலும் இந்த வைரஸ் இருப்பது முதன்முதலாகத் தெரியவந்தது.

எச்.ஐ.வி. ஏன் இத்தனை கொடியது? அது தாக்கும் செல்லைக் கவனித்தால் விடை புலப்படும். வெள்ளணுக்களில் ஒரு வகைக்கு டி செல்கள் என்று பெயர். இவற்றுள் சிலவற்றின் மேற்பரப்பில் சி.டி.4 என்னும் புரதம் உண்டு. இந்த சி.டி.4 செல்கள் படைத்தலைவர்களைப் போன்றவை. கிருமி நுழைந்ததும் மற்ற வெள்ளணுக்களுக்கு ஆணை பிறப்பிப்பவை இவையே. எச்.ஐ.வி. இதே சி.டி.4 புரதத்தைப் பற்றிக்கொண்டு செல்லினுள் புகுகிறது. தன் மரபுச் செய்தியைச் செல்லின் டி.என்.ஏ.வோடு இணைக்கிறது; அச்செல்லையே வைரஸ் உற்பத்திச் சாலையாக மாற்றிவிடுகிறது.

நலமுள்ள ஒருவரின் ஒரு கன மில்லிமீட்டர் குருதியில் ஏறத்தாழ 500 முதல் 1,500 வரை சி.டி.4 செல்கள் இருக்கும். சிகிச்சை பெறாதவரிடம் இந்த எண்ணிக்கை பல ஆண்டுகளில் படிப்படியாகக் குறையும். 200க்குக் கீழே இறங்கினால் அது எய்ட்ஸ் நிலை எனப்படும். அப்போது காசநோய் முதலிய தொற்றுகள் உடலை எளிதில் வீழ்த்திவிடுகின்றன.

கணக்கில் இடித்த ஒரு செய்தி

வைரஸ் செல்களைக் கொல்கிறது, செல்கள் குறைகின்றன, உடல் தோற்கிறது. இந்த விளக்கம் எளிமையானது. ஆயினும் இரண்டு செய்திகள் இதற்குள் அடங்கவில்லை.

முதலாவது, 1999இல் லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஜானிஸ் ஜியோர்ஜி குழுவினர் வெளியிட்ட ஆய்வு. நோய் முற்றியவர்களுள் யார் விரைவில் இறக்க நேரும் என்பதைக் குருதியிலுள்ள வைரஸின் அளவைக் கொண்டு கணிப்பதைவிட, டி செல்கள் எந்த அளவுக்குக் கிளர்ந்தெழுந்துள்ளன என்பதைக் கொண்டு நன்றாகக் கணிக்க முடிந்தது. கிளர்ச்சியடைந்த செல்கள் தம் மேற்பரப்பில் சி.டி.38 போன்ற புரதங்களை மிகுதியாகக் காட்டும். போருக்குப் புறப்பட்ட வீரன் ஏந்தும் கொடியைப் போன்றவை இவை. கொடிகளை எண்ணினால் படையின் நிலை தெரியுமன்றோ?

இரண்டாவது செய்தி குரங்குகளிடமிருந்து வந்தது. மேற்கு ஆப்பிரிக்கக் காடுகளில் வாழும் சூட்டி மாங்கபே என்னும் குரங்கினத்திற்கு, எச்.ஐ.வி.யின் நெருங்கிய உறவான எஸ்.ஐ.வி. என்ற வைரஸ் தொற்றுகிறது. அவற்றின் குருதியில் வைரஸ் ஏராளமாக இருக்கிறது. ஆனாலும் பெரும்பாலும் அவை நோயின்றித் தம் வாழ்நாளைக் கழிக்கின்றன. அதே வகை வைரஸ், இந்தியாவிலும் வாழும் ரீசஸ் குரங்குகளுக்குச் செலுத்தப்பட்டால் அவை எய்ட்ஸ் போன்ற நோயால் மடிகின்றன. இரு குரங்குகளுக்கும் உள்ள முக்கியமான வேறுபாடு, ரீசஸ் குரங்கின் தற்காப்புச் செல்கள் தொடர்ந்து கிளர்ச்சியில் இருக்கின்றன என்பது. மாங்கபேயின் செல்களோ தொடக்கத்தில் சற்றுக் கிளர்ந்து, சில வாரங்களில் அமைதியடைந்துவிடுகின்றன.

ஆகவே வைரஸ் மட்டுமன்றி, ஓயாத கிளர்ச்சியும் உடலை அழிக்கிறது என்ற எண்ணம் வலுப்பட்டது. இந்த நெருப்பை அணையாமல் வைத்திருப்பது எது?

உடலின் எல்லை எங்கே?

நம் உடலுக்கும் வெளியுலகிற்கும் இடையே உள்ள எல்லை தோல் என்றே நாம் நினைக்கிறோம். சற்று ஆராய்ந்தால், வாய் முதல் மலவாய் வரை நீளும் உணவுப்பாதையும் ஓர் எல்லைதான் என்பது புரியும். குடலின் உட்குழியில் இருக்கும் பொருள் இன்னும் உடலின் திசுவுக்குள் நுழையவில்லை. குடற்சுவரைக் கடந்த பிறகே அது நம்முடையதாகிறது.

இந்த எல்லை மிகப் பரந்தது. மடிப்புகளும் குடலுறிஞ்சிகளும் நிறைந்திருப்பதால், செரிமானப் பாதையின் உட்பரப்பு ஏறத்தாழ 30 சதுர மீட்டருக்கு மேல் இருக்கும் என்று 2014இல் வெளியான ஒரு கணக்கீடு கூறுகிறது. இறகுப்பந்து ஆடுகளத்தின் பாதி அளவுக்குச் சற்றுக் குறைவு எனலாம்.

எல்லைக்கு அப்பால் வாழ்வோர் யார்? பாக்டீரியாக்கள். மனித உடலில் ஏறத்தாழ 38 இலட்சம் கோடி பாக்டீரியாக்கள் உள்ளன என 2016இல் மதிப்பிடப்பட்டது. நம் சொந்தச் செல்களின் எண்ணிக்கையும் ஏறக்குறைய இதே அளவுதான். இந்தப் பாக்டீரியாக்களில் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில் வாழ்கின்றன. இவை பகைவர்கள் அல்ல. நம்மால் செரிக்க இயலாத நார்ப்பொருளைச் சிதைத்து, குடற்சுவரின் செல்களுக்கு உணவாகும் பியூட்டிரேட் முதலிய அமிலங்களை அளிக்கின்றன. சில வைட்டமின்களையும் உண்டாக்குகின்றன. ஆனால், இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும்வரைதான் இந்த நட்பு. ஏரியில் இருக்கும் நீர் ஊருக்கு வாழ்வு. கரை உடைந்தால் அதே நீர் ஊரை அழிக்கும்.

இங்கே கரையாக இருப்பது என்ன? வியப்பான செய்தி இதுதான்: ஒரே ஓர் அடுக்குச் செல்கள்! அச்செல்கள் இடைவெளியின்றி ஒன்றோடொன்று இறுகப் பிணைந்துள்ளன. சில நாள்களுக்கு ஒருமுறை பழைய செல்கள் உதிர்ந்து புதியவை வருகின்றன. மேலே வழவழப்பான கோழைப் படலம் பூசப்பட்டிருக்கிறது. சுவருக்கு அடியில் தற்காப்புச் செல்கள் பெருந்திரளாகக் காவல் இருக்கின்றன. உடலிலுள்ள லிம்ஃபோசைட்டு வகை வெள்ளணுக்களில் ஏறத்தாழ 2 விழுக்காடே ஒரு நேரத்தில் குருதியில் ஓடுகிறது. எஞ்சியவை திசுக்களில் உள்ளன. அவற்றில் பெரும்பங்கு குடலைச் சார்ந்தது.

இக்காவலர்களுள் டி.எச்.17 எனப்படும் சி.டி.4 செல்கள் சிறப்பானவை. குடற்சுவரின் பழுதைச் செப்பனிடவும், கிருமிகொல்லிப் புரதங்களைச் சுரக்கவும் சுவர்ச் செல்களைத் தூண்டும் செய்திகளை அனுப்புபவை இவை. காவலரும் கொத்தனாரும் ஒருவரே என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் அடி குடலில்

மருத்துவர்கள் நெடுங்காலம் குருதியை மட்டுமே சோதித்துவந்தனர். கையிலிருந்து குருதி எடுப்பது எளிது. குடலிலிருந்து திசு எடுப்பது கடினம். இதனால் ஒரு பெரிய உண்மை மறைந்தே இருந்தது.

1998இல் ரொனால்ட் வீசி, ஆண்ட்ரு லாக்னர் ஆகியோரின் குழு, அமெரிக்காவில் எஸ்.ஐ.வி. தொற்றிய ரீசஸ் குரங்குகளின் குடலை ஆராய்ந்தது. தொற்றிய சில நாள்களிலேயே குடலின் சி.டி.4 செல்கள் பெருமளவில் அழிந்திருந்தன. அப்போது குருதியில் அத்தகைய வீழ்ச்சி காணப்படவில்லை. 2004இல் இரண்டு தனித்தனிக் குழுக்கள், எச்.ஐ.வி. தொற்றிய மனிதர்களின் குடலிலும் இதே நிலையைக் கண்டன. நோய் தொடங்கிய புதிதிலேயே குடலின் சி.டி.4 செல்கள் பெரிதும் குறைந்திருந்தன.

இதன் பொருள் என்ன? குருதியில் எண்ணிக்கை மெல்லக் குறைவதைப் பார்த்து, இந்நோய் மெதுவாக நடக்கும் அழிவு என்று கருதியிருந்தோம். உண்மையில் முதல் சில வாரங்களிலேயே ஒரு பெரும் போர்க்களத்தில் தோல்வி நேர்ந்துவிடுகிறது. வாயிலில் நின்று பார்த்தவருக்கு, உள்ளே எரிந்த வீடு தெரியவில்லை.

ஓட்டை விழுந்த வேலி

டி.எச்.17 செல்கள் அழிந்தால் குடற்சுவரின் பழுதைச் சீர்ப்படுத்துவது யார்? செல்களுக்கிடையிலான பிணைப்புகள் தளர்கின்றன. பாக்டீரியாக்களின் துணுக்குகள் சுவரைக் கடந்து குருதியில் கலக்கின்றன. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிலையத்தைச் சேர்ந்த ஜேசன் பிரெஞ்ச்லி, டேனியல் டூவெக் முதலியோர் 2006இல் இதை ஆராய்ந்து வெளியிட்டனர்.

எந்தத் துணுக்கை அவர்கள் தேடினார்கள்? குடலில் வாழும் பாக்டீரியாக்களில் ஒரு பெரும்பிரிவின் வெளியுறையில் லிப்போபாலிசாக்கரைடு என்னும் பொருள் உண்டு. இதைச் சுருக்கமாக எல்.பி.எஸ். என்பர். நம் தற்காப்புச் செல்களுக்கு இது மிகத் தெளிவான அபாய அறிவிப்பு. மிகச் சிறிய அளவு குருதியில் கலந்தாலும், டி.எல்.ஆர்.4 என்ற ஏற்பி வழியாக அதை உணர்ந்து செல்கள் கொதித்தெழுகின்றன. இந்த ஏற்பியின் பணியைக் கண்டறிந்த புரூஸ் பாய்ட்லர் 2011இல் நோபல் பரிசு பெற்றோருள் ஒருவர்.

அத்தனை சிறிய அளவை எப்படி அளப்பது? இதற்குக் கடல் உயிரி ஒன்று கைகொடுத்தது. அட்லாண்டிக் கரையோரத்தில் வாழும் குதிரைலாட நண்டின் குருதி நீலநிறமானது. எல்.பி.எஸ். சிறிது பட்டாலும் அதன் குருதிச் செல்களிலிருந்து எடுக்கப்படும் சாறு உறைந்துவிடும். இப்பண்பைப் பயன்படுத்தும் சோதனை மருந்துத் தொழிலில் நெடுங்காலமாக வழங்கிவருகிறது. அதே சோதனையால் நோயாளிகளின் குருதியை ஆராய்ந்தபோது, எச்.ஐ.வி. தொற்று நீடித்தவர்களிடம் எல்.பி.எஸ். தெளிவாக மிகுந்திருந்தது. எல்.பி.எஸ். கூடியிருந்தவர்களிடம் தற்காப்புச் செல்களின் கிளர்ச்சியும் கூடியிருந்தது.

முடிவில்லாச் சுழல்

இனி, நிகழ்வுகளை வரிசைப்படுத்திப் பார்ப்போம்.

1. எச்.ஐ.வி. குடலிலுள்ள சி.டி.4 செல்களை அழிக்கிறது.
2. சுவரைச் செப்பனிடும் ஆணைகள் நின்றுபோகின்றன; சுவர் கசிகிறது.
3. பாக்டீரியாத் துணுக்குகள் குருதியில் கலக்கின்றன.
4. உடலெங்கும் தற்காப்புச் செல்கள் கிளர்ந்தெழுகின்றன.
5. எச்.ஐ.வி. ஓய்விலிருக்கும் செல்லைவிடக் கிளர்ச்சியடைந்த சி.டி.4 செல்லில்தான் நன்றாகப் பெருகும். எனவே வைரஸுக்குப் புதிய இரை கிடைக்கிறது.
6. மேலும் செல்கள் அழிகின்றன. மீண்டும் முதல் படி.

ஐந்தாம் படியை ஊன்றிக் கவனியுங்கள். உடலைக் காக்க எழுந்த செல்லே வைரஸுக்கு விளைநிலமாகிவிடுகிறது. அதோடு, நீடித்த அழற்சி இரத்தக் குழாய்களையும் கெடுக்கிறது. வேலியே பயிரை மேயும் கதை இங்கே உண்மையாகிறது.

காரணமா, உடன்நிகழ்வா?

இங்கே ஒரு நல்ல மாணவர் எழுந்து கேட்கலாம்: "எல்.பி.எஸ்.ஸும் கிளர்ச்சியும் சேர்ந்து மிகுந்திருந்தால், ஒன்று மற்றதற்குக் காரணம் என்று எப்படிச் சொல்வது?" மிகச் சரியான கேள்வி. சேவல் கூவுகிறது, பொழுது விடிகிறது. அதனால் சேவல்தான் விடியலைக் கொணர்கிறது என்று சொல்லிவிட முடியாது.

விடைக்கு மீண்டும் குரங்குகளை நாடினர். மாங்கபேக்களும் தொற்றின் தொடக்கத்தில் குடலின் சி.டி.4 செல்களைப் பெருமளவு இழக்கின்றன. ஆனால், அவற்றின் டி.எச்.17 செல்கள் தப்பிவிடுகின்றன, குடற்சுவர் கசிவதில்லை, கிளர்ச்சியும் நீடிப்பதில்லை. 2008இல் ஐவோனா பாண்ட்ரியா குழுவினர், எஸ்.ஐ.வி. தொற்றியும் நலமாக இருந்த ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்குகளுக்கு எல்.பி.எஸ். செலுத்திப் பார்த்தனர். கிளர்ச்சி எழுந்தது, அதோடு வைரஸின் அளவும் உயர்ந்தது. ஒன்றை நாமே மாற்றி, மற்றது மாறுகிறதா என்று பார்ப்பதே சோதனை. காரணத்தை நிலைநாட்ட இதைவிடச் சிறந்த வழி இல்லை.

ஆயினும், கிளர்ச்சிக்குக் குடற்கசிவு ஒன்றே காரணம் என்று கொள்ளலாகாது. எச்.ஐ.வி.யும், உடலில் ஒளிந்திருக்கும் சைட்டோமெகலோ வைரஸ் போன்ற பிற தொற்றுகளும் இந்நெருப்பில் விறகிடுகின்றன.

குடியிருப்போர் மாறினரா?

வேலி பழுதானால், வேலிக்கு அப்பால் வாழும் பாக்டீரியாக்களின் கூட்டமும் மாறுமா? மலத்திலுள்ள பாக்டீரியாக்களின் மரபுப்பொருளைப் படித்தறியும் முறை வந்தபின் பலர் இதை ஆராய்ந்தனர். எச்.ஐ.வி. தொற்றியவர்களின் குடலில் பிரிவோட்டெல்லா என்னும் பாக்டீரியா மிகுந்திருப்பதாகத் தொடக்க ஆய்வுகள் சில கூறின. எச்.ஐ.வி. செய்த மாற்றம் இது என்று பலரும் எண்ணினர்.

2016இல் பார்சிலோனாவில் நடந்த ஆய்வு வேறு கதை சொன்னது. முந்தைய ஆய்வுகள் பலவற்றில், தொற்றுள்ள குழுவில் ஆண்களோடு பாலுறவு கொள்ளும் ஆண்கள் மிகுதியாகவும், தொற்றில்லாத குழுவில் குறைவாகவும் இருந்தனர். பார்சிலோனா ஆய்வாளர்கள் இதைத் தனியே பிரித்து ஒப்பிட்டனர். அத்தகைய ஆண்களிடம் எச்.ஐ.வி. இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிரிவோட்டெல்லா மிகுந்தே இருந்தது! ஸ்டாக்ஹோமில் திரட்டிய மாதிரிகளிலும் இதே முடிவு கிடைத்தது. ஆகவே அந்தப் பாக்டீரியாவுக்கும் எச்.ஐ.வி.க்கும் இருப்பதாகத் தோன்றிய தொடர்பு, ஒப்பிட்ட குழுக்களின் வேறுபாட்டால் வந்தது. எச்.ஐ.வி.யோடு தொடர்புடையதாக எஞ்சி நின்றது, பாக்டீரியா வகைகளின் எண்ணிக்கை குறைந்திருப்பதே.

அறிவியலில் இத்தகைய திருத்தம் இழுக்கன்று. இரு வயல்களின் விளைச்சலை ஒப்பிட வேண்டுமானால், விதையைத் தவிர மண், நீர், உரம் எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதை உழவரும் அறிவார்.

மருந்து என்ன செய்கிறது?

1996 முதல் பல மருந்துகளைச் சேர்த்து அளிக்கும் கூட்டு மருத்துவம் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் 2004 ஏப்ரலில் அரசு மருத்துவமனைகள் வழியே இது இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது. மருந்தை ஒழுங்காக உட்கொள்பவரின் குருதியில் வைரஸ் கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்துவிடும். அந்நிலையில் நீடிப்பவரிடமிருந்து பாலுறவு வழியே பிறருக்குத் தொற்றுவதில்லை என்பதும் உறுதிப்பட்டுள்ளது.

பக்கவிளைவுகளைத் தவிர்க்க மருந்தை இடையிடையே நிறுத்திவைக்கலாமா? ஸ்மார்ட் என்ற ஆய்வு 33 நாடுகளில் 5,472 பேரிடம் இதைச் சோதித்தது. 2006இல் வெளியான முடிவு திடுக்கிட வைத்தது. மருந்தை நிறுத்தி நிறுத்தி உண்டவர்களிடம், தொடர்ந்து உண்டவர்களைவிடச் சந்தர்ப்பத் தொற்று அல்லது இறப்பு ஏறத்தாழ 2.6 மடங்கு நேர்ந்தது. இதயம், சிறுநீரகம், கல்லீரல் நோய்களும் கூடின. குடற்கசிவுக்கு உடல் காட்டும் எதிர்வினையின் அடையாளமான சி.டி.14 என்ற புரதம் குருதியில் மிகுந்திருந்தவர்களுக்கு இறப்பு அபாயம் கூடுதல் என்று, அதே ஆய்வில் திரட்டிய மாதிரிகளைக் கொண்டு 2011இல் காட்டினர். 2015இல் உலக நலவாழ்வு அமைப்பு, தொற்று உறுதியானவர் அனைவருக்கும் சி.டி.4 எண்ணிக்கையைப் பாராமல் மருந்து தொடங்குமாறு பரிந்துரைத்தது. வேலி முற்றிலும் சாயுமுன் முட்டுக் கொடுப்பது அறிவுடைமை அன்றோ?

எனினும், மருந்து வைரஸை அடக்கிய பின்னும் குடலின் சி.டி.4 செல்கள் பலருக்கு முழுமையாக மீள்வதில்லை. அழற்சியின் கனல் சிறிது எஞ்சிவிடுகிறது. இதை அணைக்க, நன்மை தரும் பாக்டீரியாக்களை உண்ணக் கொடுத்தனர், குடலில் மட்டும் செயல்படும் ரிஃபாக்சிமின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைக் கொடுத்தனர், எல்.பி.எஸ்.ஸைப் பற்றிக்கொள்ளும் செவலமர் என்ற மருந்தையும் கொடுத்துப் பார்த்தனர். மனிதர்களிடம் கிடைத்த பயன் சிறிதே. ஓட்டை எங்கே என்று அறிவது ஒன்று, அடைப்பது வேறொன்று.

ஆனால், விளைவைத் தடுப்பதில் ஒரு வெற்றி கிட்டியது. எச்.ஐ.வி.யோடு வாழும் 7,769 பேரிடம் நடந்த ரிப்ரீவ் ஆய்வில், பிட்டவாஸ்டாட்டின் என்னும் கொழுப்புக் குறைப்பு மருந்து, மாரடைப்பு முதலிய பெரும் இதய இரத்தக்குழாய் நிகழ்வுகளை ஏறத்தாழ 35 விழுக்காடு குறைத்தது. இது 2023இல் வெளியாயிற்று.

இதுவரை கண்டவற்றிலிருந்து நாம் நினைவில் இருத்த வேண்டியவை இரண்டு. எச்.ஐ.வி. தொற்றியவர் மருந்தை ஒரு நாளும் விடாமல் உட்கொள்வது ஏன் இன்றியமையாதது என்பது ஒன்று. தயிரோ வேறெந்த உணவோ அதற்கு மாற்றாகாது. மற்றொன்று, இந்த வைரஸ் பேசுவதாலோ, தொடுவதாலோ, சேர்ந்து உண்பதாலோ, ஒரே இருக்கையில் அமர்வதாலோ பரவுவதில்லை. உங்கள் வகுப்பில் அத்தகைய மாணவர் ஒருவர் இருந்தால் அவரை ஒதுக்கிவைக்க அறிவியலில் எந்தக் காரணமும் இல்லை.

சிந்தித்து விடை காண்க

1. குருதியை மட்டும் சோதித்ததால் எந்த உண்மை நெடுங்காலம் மறைந்திருந்தது? ஏன்?
2. மாங்கபே குரங்கின் குருதியில் வைரஸ் மிகுந்தும் அது நோயுறாததற்குக் காரணம் கூறுக.
3. "தற்காப்புச் செல்களைத் தூண்டும் எதுவும் எச்.ஐ.வி. தொற்றியவருக்கு எப்போதும் நன்மையே தரும்." இக்கூற்று சரியா? முடிவில்லாச் சுழலின் ஐந்தாம் படியைக் கொண்டு விளக்குக.
4. காலையில் காப்பி அருந்துவோருக்குத் தலைவலி மிகுதி என்று ஒருவர் கூறுகிறார். இதை ஏற்குமுன், எந்த இரு குழுக்களை, எவ்வெவற்றில் ஒன்றாக வைத்து ஒப்பிடுவீர்கள்? பிரிவோட்டெல்லா ஆய்வை நினைவிற்கொண்டு எழுதுக.